எலியக்கா செருகிய நாலு அட்டை

எலியக்காவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நேரில் கேட்டால் "எனக்கெதுக்குங்க கர்வம்" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வாள். நம்பிவிடாதீர்கள். பத்தொன்பது வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தின் எலி வீட்டில் வேலை. வெள்ளைச் சுண்டெலிகளுக்குத் தீனி போடுவது, கூண்டில் மரத்தூள் மாற்றுவது, தரையைக் கழுவுவது எல்லாம் யாரும் செய்கிற வேலைதான். குட்டி பிறந்த மூன்றாவது வாரம், தாயிடமிருந்து எடுத்து ஆண் வேறு பெண் வேறாகப் பிரிக்க வேண்டும், அங்கேதான் அக்கா ராணி.

வாலை இரண்டு விரலால் தூக்கிப் பார்க்க வேண்டும். கீழே இருக்கிற இரண்டு துவாரங்களுக்கும் இடையில் தூரம் இருந்தால் ஆண், ஒட்டியிருந்தால் பெண். தூரம் என்றால் என்ன பெரிய தூரம்? ஒரு அரிசி மணியின் அகலம் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான். படித்தவர்கள் பூதக்கண்ணாடியும் கையுமாக மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார்கள். எலியக்காவோ மருமகனின் குறட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே பிரித்துத் தள்ளுவாள். "இது பையன், இது பொண்ணு, இது பையன், அந்த மனுஷன் தூங்கினா வீடே அதிருதாம், இது பொண்ணு." ஒன்றுகூடத் தப்பாது. கூண்டு அட்டையில் அவள் கையெழுத்து இருந்தால் அப்புறம் யாரும் மறுபடி பார்ப்பதில்லை. வீடு, நகை, நிலம் எதுவும் பெரிதாகச் சேர்க்காத அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான், "அக்கா கை தப்பாது" என்கிற பேர்.

அந்தப் பேருக்குத்தான் ஆபத்து வந்தது. வந்ததும் எப்படி வந்தது தெரியுமா? சந்தோஷத்தில் வந்தது!

அன்றைக்கு மேஜைமேல் நாலு கூண்டு. கூண்டுக்கு நாலு குட்டி. இரண்டு கூண்டு ஆண், இரண்டு கூண்டு பெண், பிரித்து முடித்தாயிற்று. எழுதி வைத்த நாலு அட்டையைச் செருக வேண்டியதுதான் பாக்கி. அப்போது போன் அடித்தது. மருமகன்.

"அத்தை, பொறந்தாச்சு. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

பத்து நாள் கழித்துத்தான் என்று டாக்டர் சொல்லியிருந்த குழந்தை. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசல் காவலரிடம் சொன்னாள், கூண்டு கழுவுகிறவரிடம் சொன்னாள், தாய் எலிகளிடம்கூடச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அட்டைகளைச் செருகினாள், கையெழுத்துப் போட்டாள், சேர்த்து வைத்திருந்த நாற்பத்தைந்து நாள் லீவையும் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். பிரித்தது சரி. செருகியது தலைகீழ். ஆண் கூண்டில் 'பெண்', பெண் கூண்டில் 'ஆண்'. யாருக்குத் தெரியும்?

லீவு முடிந்து அவள் வந்தபோது ஆராய்ச்சிக்கூடமே குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. காரணம் இலை டாக்டர்.

இலை டாக்டருக்கு நாற்பத்தைந்து வயசு. முன்மண்டை வழுக்கை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு இலை. அந்த ஒரு இலை சர்க்கரை வியாதியைக் குறைக்கும் என்று ஏழு வருஷமாகப் பாடுபடுகிறார். மூன்று தடவை சோதித்து மூன்று தடவையும் மண்ணைக் கவ்வினார். இதுதான் கடைசி வாய்ப்பு என்று டைரக்டரம்மா சொல்லிவிட்டார். இந்தத் தடவை ஆறு கூண்டு ஆண் எலி வாங்கினார். இரண்டு கூண்டைச் சும்மா விட்டார். நாலு கூண்டுக்குச் சர்க்கரையை வரவைக்கிற ஊசி போட்டார். அந்த நாலில் இரண்டுக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரில் இலைச்சாறு கலந்தார். முன்பின் பழகாத ஆண் எலிகளை ஒரே கூண்டில் போட்டால் அடிதடி ஆகும் என்பதால், கலைக்காமல் கூண்டு கூண்டாகவே பிரித்துக்கொண்டார். இலைச்சாறு போனது கடைசி இரண்டு கூண்டுக்கு. எந்த இரண்டு என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"அக்கா, வந்துட்டீங்களா" என்று ஓடி வந்தார் இலை டாக்டர். "ஊசி போட்டு இலை குடிக்காததுக்கெல்லாம் சர்க்கரை நானூத்தம்பது, ஐந்நூறு. இலை குடிச்சதுக்கு நூத்தம்பதுதான்க்கா. எட்டும் நூத்தம்பது!"

எலிகளுக்குத் தண்ணீர் பாட்டில் மாற்றுகிற பாட்டில்காரரும் சாட்சி சொன்னார். "ஆமாக்கா. ஊசி மட்டும் போட்ட ரெண்டு கூண்டு தினமும் ஈரம் சொட்டுது, குடிக்கிறதும் போறதுமாவே இருக்குதுங்க. இலைக் கூண்டு ரெண்டும் எட்டு நாளானாலும் காஞ்சு கெடக்கு."

சர்க்கரை ஏறிய எலி கூண்டை நனைக்கும். மீட்டர் சொல்வதற்கு முன்னால் மரத்தூள் சொல்லிவிடும். அது அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. காய்ந்த கூண்டு என்றதும் அவளுக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். நடைபாதையில் இலை டாக்டர் தொட்டி தொட்டியாக அந்தச் செடியை வளர்த்திருந்தார். ஒரே வாரத்தில் அத்தனையும் மொட்டை. காவலர் அவர் மாமனாருக்கென்று பறித்தார். டைப்பிஸ்ட் அம்மா தனக்கென்று பறித்தார். "மனுஷங்களுக்கு இன்னும் சோதிக்கலைங்க" என்று இலை டாக்டர் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடுவார். நம் எலியக்கா மட்டும் லேசுப்பட்டவளா? தினம் மூன்று இலை, கோட்டுப் பைக்குள்.

அவள் புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டிருக்கிறார். பதினோரு வருஷமாகச் சர்க்கரை. இவள் இரண்டு பங்கு சாப்பிட்டுவிட்டு ஜம்மென்று நடமாட, தான் மட்டும் அளந்து அளந்து தின்ன வேண்டியிருப்பதில் அவருக்குப் பெரிய மனத்தாங்கல். "ஒரே வீடு, ஒரே சட்டி, எனக்கு மட்டும் ஏண்டி?" என்பார். இலையைப் பார்த்ததும் மனுஷனுக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது. முதல் நாளே மாத்திரை டப்பாவைத் தூக்கி அலமாரியின் உச்சித் தட்டில் வைத்தார்.

"மாத்திரையை நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்லட்டும்" என்றாள் அக்கா.

"எட்டு எலி சொல்லிடுச்சில்ல. எந்த டாக்டராவது எட்டு பேர் ஒண்ணா ஒரே பேச்சு பேசிப் பாத்திருக்கியா?"

அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பின்னால் தன்னையே திட்டிக்கொண்டாள், அது வேறு விஷயம்.

இரண்டு வாரம் போயிற்று. குட்டிகள் குறைந்துவிட்டன, புது ஜோடிகள் சேர்க்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. மாடி அறையில் பெண் எலிகள் இரண்டு கூண்டு கிடந்தது. அட்டையில் அக்காவின் கையெழுத்து. அக்கா அவற்றைக் கீழே கொண்டுவரச் சொன்னாள். அவளிடம் ஒரு கொழுத்த ஆண் எலி உண்டு. அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. பரம சாது. எந்தப் பெண்ணை விட்டாலும் மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்து இடம் கொடுக்கும்.

"மாப்ளே, ரெண்டு பொண்ணு வந்திருக்கு, நல்லபடியா நடந்துக்கணும்" என்று சொல்லி இரண்டை உள்ளே விட்டாள்.

அவ்வளவுதான். கூண்டுக்குள் குருக்ஷேத்திரம். மாப்பிள்ளை ஒன்றின் முதுகைக் கவ்வ, மற்றது மாப்பிள்ளையின் வாலைக் கவ்வ, மரத்தூள் பறக்கிறது, கீச்சுக் கீச்சென்று சத்தம் கூரையைப் பிய்க்கிறது. அக்கா கையுறையோடு உள்ளே கை விட்டு ஒன்றை வெளியே இழுத்தாள். பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாக வாலைத் தூக்கியது.

பதினோரு வாரம் வளர்ந்த ஆண் எலிக்கு அது மூடி மறைக்கிற சமாசாரமே இல்லை. பச்சைக் குழந்தை பார்த்தாலும் சொல்லிவிடும்.

"அடப்பாவி, நீ பொண்ணாடா?" என்றாள் அக்கா.

அடுத்ததைத் தூக்கினாள். ஆண். கூண்டில் மிச்சமிருந்ததையெல்லாம் தூக்கினாள். ஆண், ஆண். இரண்டாவது கூண்டிலும் நாலும் ஆண். அட்டையில் தேதி இருந்தது. பேத்தி பிறந்த தேதி. இங்கே பெண் என்று இருப்பது ஆண் என்றால், அன்றைக்கு ஆண் என்று போன பெண்கள் எங்கே?

குட்டி வளர்க்கிற அறைக்காரர்கள் சோதனை அறைக்குள் கால் வைக்கக் கூடாது, கிருமி போய்விடும் என்று சட்டம். அதனால் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பாட்டில்காரரைக் கூப்பிட்டாள். கதவு தடிமன், பேச்சு கேட்காது. அதே தேதி அட்டை செருகியிருந்த கடைசிக் கூண்டைக் காட்டினாள். அவர் தீனியைக் காட்டினார். இல்லை என்று தலையாட்டினாள். அவர் பாட்டிலைக் காட்டினார். அக்கா பொறுமையிழந்து, தன் கோட்டின் பின்பக்க நுனியை இரண்டு விரலால் தூக்கித் திரும்பி நின்று காட்டினாள். நடைபாதையில் வந்த டைப்பிஸ்ட் அம்மா வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். பாட்டில்காரருக்கு ஒருவழியாகப் புரிந்து, ஒரு எலியை எடுத்து, கண்ணாடியோடு ஒட்டி வாலைத் தூக்கினார்.

பெண். சந்தேகமே இல்லாத பெண்.

பாட்டில்காரரும் எலியைத் திருப்பிப் பார்த்தார். வாயைப் பிளந்தார். அஞ்சு வாரமாக அந்த எலிகளைத் துணியில் சுற்றிப் பிடித்தது அவர், ஊசி போட்டது இலை டாக்டர், வால் நுனியில் ரத்தம் எடுத்தது இலை டாக்டர். எலியைக் கையால் தொடவே நெளிகிற மனுஷர். குழாய்க்குள் எலியை விட்டு வாலை மட்டும் வெளியே இழுத்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் சொட்டு எடுப்பார். ஒருத்தருமே எலியைப் பார்க்கவில்லை. எல்லாரும் அட்டையைப் பார்த்தார்கள்.

அந்த ஊசிக்குப் பெண் எலிகள் அவ்வளவு சீக்கிரம் மசிவதில்லை என்று அக்காவுக்கு அரசல்புரசலாகத் தெரியும். அதனால்தானே எல்லாரும் "ஆண்தான் வேணும், ஆண்தான் வேணும்" என்று கேட்டு வாங்குகிறார்கள். ஆக, காய்ந்த கூண்டுக்கும் இலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம். உள்ளே இருந்தது பெண்கள், அவ்வளவுதான்.

இனி என்ன செய்வது? சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மாடிக் கூண்டின் அட்டையைக் கிழித்துப் புதுசு எழுதினால் தீர்ந்தது. பாட்டில்காரர் வாயைத் திறக்க மாட்டார், அவருக்கே உதறல். சொன்னால், பத்தொன்பது வருஷப் பேர் ஒரே நாளில் காற்றில் போய்விடும். நாளை மறுநாள் வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், இலை டாக்டர் அவர்கள் முன்னால் பேசப் போகிறார். இஸ்திரி போட்ட புதுக் கோட்டை இப்போதே இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டார். அக்கா பயந்தாள். வெட்கமில்லாமல் பயந்தாள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் தையல்காரர் மிஷினில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு தடவை பாத்ரூம் போய்வந்தார்.

"எத்தனை செம்பு குடிச்சீங்க?"

"வெயில்."

அவள் மீட்டரை எடுத்து அவர் விரலைக் குத்தினாள். முந்நூற்று முப்பத்தொன்று. அப்புறம் அவளுக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. உச்சித் தட்டிலிருந்து டப்பாவை இறக்கி, மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைப் போடுங்க. காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம். அந்த இலையில ஒண்ணும் இல்ல."

"எட்டு எலி?"

"எட்டும் பொண்ணு. நான்தான் அட்டையை மாத்திச் செருகிட்டேன்."

தையல்காரர் மாத்திரையைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். "நீயா?" என்றார். "தப்பா?" அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். மனுஷர் மிஷினில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "முப்பது வருஷமா நான் ஒரு பட்டனை ஏத்த இறக்கமா வெச்சா ஊரைக் கூட்டுவியே." அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறியது.

"சிரிங்க, சிரிங்க. அந்தப் பேரு போச்சுன்னா எனக்கு என்னங்க இருக்கு?"

"நான் இருக்கேன்" என்று சொல்லி அவர் மாத்திரையை விழுங்கினார். "ஆனா போய்ச் சொல்லிடு. அந்த வாச்மேனோட மாமனாரும் எங்கயோ செம்பு செம்பாக் குடிச்சிட்டிருப்பாரு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் நல்ல அர்ச்சனை, இரண்டு பேருக்கும் சேர்த்து. அதற்கடுத்த நாள் கூட்டம். திரையில் சர்க்கரை அளவைக் காட்ட வரைந்த இரண்டு கட்டை, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. இலை டாக்டர் குட்டையைக் குச்சியால் தொட்டுக் காட்டிய சமயம் பார்த்து, நீலக் கோட்டும் தொப்பியுமாக எலியக்கா உள்ளே வந்தாள். கூட்டத்துக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தாள். கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் கால் நகரவில்லை, அதுதான் உண்மை.

"சார், மன்னிக்கணும். இலை குடிச்சது எட்டும் பொண்ணுங்க. அட்டையை மாத்திச் செருகினது நான்."

டைரக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கை தப்பாதேம்மா" என்றார்.

"தப்பிடுச்சும்மா."

கூண்டு வந்தது. மேஜையைச் சுற்றி ஆறேழு டாக்டர் பட்டங்கள் குனிந்தன, ஒரு எலியின் வாலுக்குக் கீழே. ஒருவர் ஆண் என்றார். இன்னொருவர் வெளிச்சம் போதவில்லை என்றார். வெளியூர்ப் பெரியவர் ஒருவர் எலியைத் தலைகீழாகப் பிடித்துவிட்டு, வாய்ப்பக்கத்தையே வெகு நேரம் ஆராய்ந்தார். கடைசியில் எல்லாரும் நிமிர்ந்து எலியக்காவைப் பார்த்தார்கள்.

"பொண்ணுங்க" என்றாள் அவள், ஈனக் குரலில்.

முதலில் சிரித்தது இலை டாக்டர்தான். குச்சியைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். எது சிரிப்பு, எது மற்றது என்று அக்காவால் பிரிக்க முடியவில்லை. அப்புறம் டைரக்டரம்மா சிரித்தார், அறையே சிரித்தது.

மாடியிலிருந்த அந்த எட்டு ஆண்களுக்கும் ஊசி போட்டு இலைச்சாறு கொடுத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் கூண்டு சொட்டச் சொட்ட நனைந்தது. இலையின் கதை அதோடு முடிந்தது. காவலரின் மாமனார் மாத்திரைக்குத் திரும்பினார், தையல்காரருக்குச் சர்க்கரை நூற்றறுபதுக்கு இறங்கியது. டைரக்டரம்மா இலை டாக்டரைக் கூப்பிட்டு, "இத்தனை வருஷம் தொல்லைன்னு பொண்ணுங்களை ஒதுக்கி வெச்சோம். அதே ஊசியை அதுங்க எப்படித் தாங்குதுன்னு நம்ம கூடத்துல ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. நீங்க கேளுங்க" என்றார். புதுச் சோதனைக்குப் பதினாறு ஆண், பதினாறு பெண். கூடவே புதுச் சட்டம்: இனிமேல் அக்கா பிரித்ததை இன்னொருவர் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தச் சட்டத்தைப் படித்தபோது அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. நியாயம்தான் என்று தெரியும், தெரிந்தாலும் வலித்தது. குட்டி பிரிக்கிற அன்று எதிரே வந்து உட்கார்ந்தவர் இலை டாக்டர். கையுறை போட்டுக்கொண்டார், பேனாவைத் திறந்தார்.

"இது பொண்ணு" என்று முதல் குட்டியை நீட்டினாள். அவர் எலியைப் பார்க்காமலே கையெழுத்துப் போடப் போனார்.

"பாருங்க சார்."

"நீங்க சொன்னாப் போதும்க்கா. எனக்கு உங்கமேல நம்பிக்கை இருக்கு."

"நம்பிக்கை வெச்சுத்தானே இந்த லட்சணம்? வாலைத் தூக்கிப் பாருங்க."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கினார். உற்றுப் பார்த்தார். "பொண்ணு" என்றார். அக்காவுக்குப் பரீட்சையில் தேறின மாதிரி இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. வேகம் கூடியது, பேச்சும் திரும்பியது. பேத்தி குப்புற விழுந்ததைச் சொன்னாள், மருமகன் குறட்டைக்கு அவள் விழிக்காமல் தூங்குவதைச் சொன்னாள். இருபதாவதை நீட்டி, "இது பொண்ணு" என்றாள்.

இலை டாக்டர் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இன்னொன்றை வைத்து ஒப்பிட்டார். தொண்டையைச் செருமினார்.

"அக்கா, இது ஆண் மாதிரி தெரியுதே."

அக்கா குட்டியை வாங்கி, கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயசுக் கண்ணுக்கு எட்டப் பிடித்தால்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆண்தான்.

"என்னைச் சோதிக்கத்தானே அப்படிச் சொன்னீங்க?" என்றார் இலை டாக்டர், ஆசையாக. அந்த மனுஷருக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது, அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஆமாம் என்றால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்தது.

"இல்ல சார், தப்பாச் சொல்லிட்டேன். கண்ணாடி போடணும் போல" என்றாள். "மாத்திப் போடுங்க."

அவர் குட்டியை ஆண் கூண்டில் விட்டார். அக்கா அடுத்ததை எடுக்கக் கை நீட்டினாள்.